நாற்பத்து மூன்றாம் நாள்

கோபாலபுரம் சாவடியில் என் வேலை
கேரளாவிலிருந்து திரும்பும் வண்டிகளின் டயரைக் கழுவுவது.
முதுகில் பதினாறு லிட்டர் மருந்துத் தண்ணி.
ஆலப்புழைப் பக்கம் வாத்து செத்த வருசம் வந்த வேலை;
நோய் போய்விட்டது,
உத்தரவு மட்டும் இன்னும் போகவில்லை.

போகும்போது வண்டி கத்திக்கொண்டு போகும்.
வரும்போது காலிக் கூண்டுகள்
ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும் சத்தம்தான்.
திரும்பும் வண்டியில் உயிருள்ள கோழி இருக்கக் கூடாது.

அன்றைக்கு விடியக்காலம் மூணு மணி.
ரங்கதுரையின் வண்டி, மேலடுக்கில் மூலைக் கூண்டு.
குழலைத் தூக்கினேன், கீச்சென்றது.

"அட, இதெப்படி விட்டுப்போச்சு" என்றான்.
"கொழிஞ்சாம்பாறையில எண்ணி எறக்கி, எடை போட்டு
காசும் வாங்கியாச்சுங்க்கா.
கணக்குல இது செத்துப்போச்சு.
நீங்களே வெச்சுக்கங்க,
டாக்டரு எந்திரிக்கறதுக்குள்ள."

தப்புதான்.
தலைத்துண்டில் சுருட்டி எடுத்து வந்தேன்.

ரெண்டேகால் கிலோ உடம்பு.
உள்ளேயிருந்து வந்தது குஞ்சின் குரல்.
கொக்கரிக்கவோ கேறவோ தெரியவில்லை.
பெரிய குரல் வருவதற்கு முன்னாலேயே
லாரியில் ஏற்றிவிடுகிறோம் என்பது
மூவாயிரம் கோழிக் கொட்டகையில்
நாலு வருசம் தீவனம் கொட்டிய எனக்கு
அதுவரை உறைக்கவில்லை.

குஞ்சு கம்பெனியுடையது.
தீவனம், ஊசி, எடை மிசின், எல்லாம் கம்பெனியுடையது.
கரண்டு பில்லும்
குழியில் போட்டு மூடும் சாவும் எங்களுடையது.
வளர்ப்புக் கூலி கிலோவுக்கு ஆறு ரூபாய்.
எங்களையும் அதே கூண்டில்தான் அடைத்தார்கள் என்று
சொன்னால் நன்றாகத்தான் இருக்கும்.
ஆனால் பொய்.
நாங்கள் கதவைத் திறந்து நடந்து வெளியே வந்தோம்.

வாசலில் விட்டேன்.
மூணு எட்டு வைத்து உட்கார்ந்தது.
நாலாவது எட்டுக்குக் கால் ஒத்துக்கொள்ளவில்லை.
எதிர்வீட்டு நாட்டுக்கோழி வந்து
தலையில் ஒரு கொத்துக் கொத்திவிட்டுப் போனது.
மண்ணைக் கிளறத் தெரியாது.
கம்பு போட்டால் தின்னத் தெரியும், நிறுத்தத் தெரியாது.

ராத்திரி விளக்கை அணைத்தேன்.
கொட்டகையில் அணைப்பதில்லை, தூங்கினால் தின்னாது.
அதற்கு அது முதல் இருட்டு போல.
கீச், கீச், கீச்.
நாச்சிமுத்து எழுந்து போய்
பல்பைப் போட்டுவிட்டு வந்து படுத்தார்.
"ஞாயித்துக்கெழமை ஆக்கிரலாம்" என்று
சாயங்காலம் சொன்னதும் அவர்தான்.

நான் நாள் எண்ணினேன்.
லாரி ஏறியது நாற்பத்திரண்டு.
சாவடியில் நாற்பத்து மூன்று.
அதற்கு மேல் இந்தக் கோழி எப்படி இருக்கும் என்று
எங்களில் ஒருவரும் பார்த்ததில்லை.
ஞாயிறு வந்தது, போனது.
யாரும் கத்தியை எடுக்கவில்லை,
ஏன் என்று யாரும் பேசவும் இல்லை.

ஐம்பத்தொன்றாம் நாள், வெயிலேறும் நேரம்,
தட்டில் மூக்கு இருக்கும்போதே சாய்ந்தது.
நெஞ்சு தாங்கவில்லை.
தானாய்ச் செத்ததை நாங்கள் தின்பதில்லை.
கொய்யாமரத்தடியில் குழி தோண்டினார்.
ஒரு கோழிக்கு எதற்கு இத்தனை பெரிய குழி என்றேன்.
"பழக்கம்" என்றார்.

அடுத்த ஞாயிறு பீரான் கடைக்குப் போனேன்.
சின்னவள் தேன்நிலாவுக்கு எலும்பில்லாமல் வேண்டும்.
கூண்டுக்குள் கீச்சென்றது.
வரிசையில் முன்னால் நின்றவர்களுக்குக்
கேட்டதாகத் தெரியவில்லை.
கேட்டிருக்கலாம்,
கேட்டும் என்னைப் போலவே நின்றிருக்கலாம்.

"எப்பவும் போல ஒரு கிலோதானே சேச்சி?"
முக்கால் போதும் என்றேன்.

மிச்சமான கால் கிலோவின் காசைக்
கையிலேயே பிடித்தபடி வீடுவரை நடந்தேன்.
அதை வைத்து என்ன செய்வதென்று தெரியவில்லை.
சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால்
இன்னும் அப்படியே இருக்கிறது.